அச்சடித்த பக்கம் உள்ளே

உட்காருங்கள் தங்கச்சி. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் குட்டை. இந்தத் தாள் கட்டின் மேல் உட்காருங்கள். தாளுக்கு ஒன்றும் ஆகாது. பாரம் இருந்தால் சுருளாமல் இருக்கும், நல்லதுதான்.

திருத்தங்கலில் இருந்தா வருகிறீர்கள்? பெண்ணுக்குத் தையில் கல்யாணமா? சரி. பொன்னுத்தாய் அக்கா சொல்லி அனுப்பினாளா? என் உடன்பிறந்தவள்தான். "எந் தம்பிகிட்டப் போங்க, எல்லாங் கையாலயே செய்வான், சும்மாதான் உக்காந்திருக்கான்" என்றிருப்பாள். அப்படியேதான் சொன்னாளா? சொல்வாள்.

நான் தாம்பூலப் பை செய்து தருவதில்லை. இரண்டு வருஷமாக யாருக்கும் செய்து தரவில்லை. சொல்லித் தருகிறேன், நீங்களும் உங்கள் பெண்ணும் செய்துகொள்ளுங்கள். கஷ்டமே இல்லை. கை சுத்தமாக இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. அவ்வளவுதான்.

முதலில் பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழுந்துவிடும், அதை யாராலும் சரிசெய்ய முடியாது. சின்னத் தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக இருப்பது மெல்லக் கண்ணாடி மாதிரி மாறும். அப்போது இறக்கிவிடுங்கள். புத்தகம் பைண்டிங் செய்கிற பசை என்றால் மயில்துத்தம் போடுவோம், பூச்சி அரிக்காது. தாம்பூலப் பைக்கு அதைப் போடவே கூடாது. வெற்றிலை வைக்கிறோம், தேங்காய் வைக்கிறோம், துத்தம் விஷம். அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

சண்முகக்கனி காய்ச்சினால் இதைவிட நன்றாக இருக்கும். என் வீட்டுக்காரி. அதோ, படத்தில் இருக்கிறாள். அந்த மாலை பூ இல்லை, காகிதம். நான் செய்ததுதான். வாடாது. வாரம் ஒரு தடவை தூசி தட்டினால் போதும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது என்பது அவள் போட்ட திட்டம். ரதி எங்களுக்கு ஒரே பெண். கோவில்பட்டியில் மாப்பிள்ளை பார்த்து ஆவணியில் பூ வைத்துவிட்டோம். மறுநாளே இவள் ஒரு பழைய டைரியை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டாள். வாசலுக்குத் தோரணம். மேடைக்குப் பின்னால் காகிதப் பூத் திரை. பந்தியில் காற்று வராது என்று காலண்டர் அட்டையில் விசிறி. ஆரத்தித் தட்டு. தாம்பூலப் பை. அப்புறம் ரதி போய் இருக்கப்போகிற வீட்டுக்கு அழுக்குத் துணிக் கூடை, பேக்கிங் கட்டையில் சுவர் அலமாரி, பழைய சேலையில் கால்மிதி. "கடையில வாங்குனா எல்லார் வீட்டுலயும் இருக்கதுதான் நம்ம பிள்ள வீட்டுலயும் இருக்கும். நாம செஞ்சா அவ வீட்டுல மட்டுந்தான் இருக்கும்" என்பாள். தீப்பெட்டி ஒட்டின கை, தங்கச்சி. பதினோரு வயசிலிருந்து ஒட்டினாள். நான் பிரஸ்ஸில் பைண்டிங், முப்பத்தெட்டு வருஷம். தாளும் பசையும் தவிர எங்களுக்கு வேறென்ன தெரியும்?

ஐப்பசியில் தவறிவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால்.

பசை கையில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். அதற்கென்று ஒரு ஈரத்துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று பேச்சு வந்தது. வருஷத்துக்குள் முடித்துவிடுவதுதான் முறை, விட்டால் தள்ளிக்கொண்டே போகும் என்றார்கள். சரி, தையிலேயே இருக்கட்டும் என்றேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டைரியை எடுத்துப் பார்த்தேன். முதலில் தோரணம் என்று எழுதியிருந்தது. தோரணத்தில் ஆரம்பித்தேன்.

என்ன கேட்டீர்கள்? அழுதேனா? நேரம் எங்கே இருந்தது தங்கச்சி. தீபாவளி முடிந்தால் பிரஸ்ஸில் காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கும். பகலெல்லாம் அது. சாயங்காலம் வந்தால் தோரணம். காகிதப் பூத் திரைக்கு மட்டும் ஆயிரத்து இருநூறு பூ. ஒரு பூவுக்கு ஐந்து இதழ். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பத்திரிகையும் எங்கள் பிரஸ்ஸில்தான் அடித்தோம். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற மகேஸ்வரி கேட்டது. "அண்ணாச்சி, மதினி பேருக்கு முன்னால 'அமரர்' போட்டுருவமா?" என்று. எல்லோரும் போடுகிறதுதானே, மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால்கூட இருந்தது. அவர் தவறி ஏழெட்டு வருஷம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் பெயர் தங்கப்பழம், அவள் பெயர் சண்முகக்கனி. ரெண்டும் நீளமான பெயர். நடுவில் ஒரு 'அமரர்' வந்தால் வரி கொள்ளாது. "எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்கிக்கிடலாம் அண்ணாச்சி" என்றது. சின்னதாக்கினால் மற்ற வரிகளோடு ஒட்டாது, அசிங்கமாக இருக்கும் என்றேன். புரூஃப் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ரதியும் அதைத்தான் கேட்டாள்.

"ஏம்ப்பா, அம்மா பேருக்கு முன்னால ஒண்ணும் போடலியே?"

"வரி கொள்ளாதும்மா."

அந்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் மடித்துக் கொடுத்துவிட்டாள். மடித்தது கோணல். நான் திரும்ப நீவி மடித்து வைத்தேன்.

அடுத்தது கால்மிதி. கால்மிதிக்குப் பருத்திச் சேலைதான் நல்லது. தண்ணீரை உறிஞ்சும், சீக்கிரம் காயும். இவள் பெட்டியில் நல்ல பருத்திச் சேலை ஒன்பது இருந்தது, எல்லாம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்துப் பின்ன உட்கார்ந்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏலே, என்னல பண்ணுத?"

"கால்மிதி. டைரியில எழுதியிருக்கா."

"எழுதினவ கட்டுன சேலையிலயால பின்னச் சொன்னா? ஊரான் ஊரான் வந்து கால் தொடைக்கணுமா அதுல?"

பழைய சேலை என்று தெளிவாக எழுதியிருந்தது. டைரியைக் காட்டினேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அழுதுகொண்டே சேலையைப் பிடுங்கினாள். நாலு சேலை அதற்குள் கிழித்தாகிவிட்டது. கிழித்ததை என்ன செய்ய? வீணாகப் போகிறதே என்று தாம்பூலப் பைக்குக் கைப்பிடியாகப் பின்னினேன். சணல் கயிற்றைவிட மெத்தென்று இருக்கும், கையை அறுக்காது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் உங்கள் சேலையில் செய்யுங்கள்.

இப்போது பை. கவனமாகப் பாருங்கள், இதுதான் நீங்கள் வந்த விஷயம்.

தாளுக்கு ஒரு போக்கு உண்டு, துணிக்கு இருப்பது மாதிரி. ஒரு ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிந்தால் அதுதான் போக்கு. மடிப்பு அந்தப் போக்கிலேயே வர வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடும், தேங்காய் பாரத்துக்குக் கிழிந்துவிடும். மடித்ததும் மூங்கில் பட்டையால் ஒரு தடவை நீவுங்கள். ஒரே தடவை. இரண்டு தடவை நீவினால் தாள் பளபளத்துப் போகும். அடிப்பக்கம் தபால் கவர் மாதிரி இரண்டு முக்கோணமாக மடிந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்ட வேண்டும். அதற்கு உள்ளே ஒரு அட்டைத் துண்டு.

ஒரு பக்கம் அச்சடித்த தாளாக இருந்தால் அச்சடித்த பக்கம் உள்ளே. வெள்ளைப் பக்கம் வெளியே. இது எந்தப் பைக்கும் பொது.

தாளுக்கு நான் வெளியே போகவில்லை. இவள் தவறியபோது பிரஸ்ஸில் முதலாளி கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுத்தார். நல்ல தாள், கனமானது. இருபதுக்கு முப்பது அங்குலம். ஊர் முழுக்க ஒட்டியும் பெரிய கட்டு ஒன்று மிச்சம். பரண்மேல் கிடந்தது. பின்பக்கம் பால் மாதிரி வெள்ளை.

தங்கச்சி, முகத்தை அப்படி வைக்காதீர்கள். சொல்கிறேன்.

பைண்டிங்கில் இருப்பவன் அச்சடித்ததைப் படிக்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். படித்தால் கை நிற்கும். கை நின்றால் மெஷின் நிற்கும். பக்க எண்ணைப் பார்ப்போம், ஓரத்தைப் பார்ப்போம், மேல் எது கீழ் எது என்று பார்ப்போம். அவ்வளவுதான். எத்தனையோ கல்யாணப் பத்திரிகை, எத்தனையோ கருமாதிப் பத்திரிகை இந்தக் கையில் போயிருக்கிறது. எனக்கு எல்லாம் தாள். போஸ்டரையும் அப்படித்தான் எடுத்தேன். வெட்டினேன், மடித்தேன், ஒட்டினேன். மார்கழி முழுக்க ஒட்டினேன். ரதி பக்கத்து அறையில் இருந்தாள். வெளியே எல்லாம் வெள்ளையாக அடுக்கி இருந்ததைத்தான் பார்த்தாள். "அழகா இருக்குப்பா" என்றாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தோரணத்தை எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பூத் திரை அட்டகாசம் என்றார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு வாசலில் பை கொடுத்தோம். பெரியவர்களுக்குப் பெரிய பை, அதில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம். பிள்ளைகளுக்குச் சின்ன பை, அதில் மிட்டாய். ரெண்டு அளவில் செய்திருக்கிறாரே என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் பாராட்டினார். ரதி மாலையும் கழுத்துமாக வந்து ஒரு பையைத் தூக்கினாள். கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இது அம்மா சேலைல்லா? அந்த ஊதாக் கட்டம்."

"ஆமா."

அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று அக்கா பிறகு சொன்னாள். நான் பந்தியைப் பார்க்கப் போய்விட்டேன்.

உள்ளே அறையில் சம்பந்தியம்மா தங்கள் ஆட்களுக்குக் கொடுத்த பைகளில் இருந்த தேங்காயை எல்லாம் சாக்கில் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையில் கையை விட்டவர்கள் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். போட்ட சத்தம் பந்தி வரைக்கும் கேட்டது.

"கல்யாண வீட்டுல எழவு நோட்டீஸக் குடுத்து அனுப்புதாகளே! எம் மகன் வாழ வேண்டாமா? தாலி அறுத்தவ நானே ஒதுங்கி ஒதுங்கி நிக்கேன், இவுக பையில போட்டுல்லா குடுக்காக!"

ஓடினேன். அதற்குள் நாலைந்து பேர் அவரவர் பையைப் பிரித்திருந்தார்கள். ஒருத்தர் கையில் கண்ணீர் அஞ்சலி. இன்னொருத்தர் கையில் தோற்றம், மறைவு. ரதி தன் கையில் இருந்த பையிலிருந்து தேங்காயை எடுத்துக் கீழே வைத்தாள். ஒட்டைப் பிரித்தாள். பொறுமையாகத்தான் பிரித்தாள். தாளை விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இத நீங்களா ஒட்டுனீங்க?"

"ஆமாம்மா. ஏன், பசை விட்டுப்போச்சா?"

எனக்கு அப்போது அதுதான் தோன்றியது, தங்கச்சி. மார்கழிப் பனியில் பசை சரியாகக் காயாது.

"அம்மாவ மடிச்சு ஒட்டியிருக்கீங்கப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். பையை என் கையில் கொடுத்தாள். வீசவில்லை, கொடுத்தாள். காரில் ஏறிப் போய்விட்டாள். மண்டப வாசலில் பைகள் அங்கங்கே கிடந்தன. அக்கா சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஒரு வாரம் வெந்நீர் காய்ந்தது. பசை போட்ட தாள் நன்றாக எரியும்.

அதற்குப் பிறகு ரதி இந்த வீட்டுப்படி ஏறவில்லை. மறுவீடு அக்கா வீட்டில் நடந்தது. வளைகாப்புக்கு அக்காதான் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். பேத்தி பிறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன் எல்லாம் அக்காவுக்குத்தான். "அப்பாவுக்கு எல்லாமே தாள்தான் அத்த, அம்மாவுந் தாள்தான்" என்றாளாம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? தாள் தாள்தானே. வெள்ளைப் பக்கத்தை வெளியேதானே வைத்தேன்?

இந்தாருங்கள், இதுதான் ரதி கொடுத்த பை. மாதிரிக்கு என்று எடுத்து வைத்தேன். பிரித்த ஒட்டைத் திரும்ப ஒட்டிவிட்டேன், தெரிகிறதா? தெரியாது. அடி மடிப்பைப் பாருங்கள். உள்ளே பார்க்க வேண்டாம், அடி மடிப்பைப் பாருங்கள்.

பார்த்துவிட்டீர்களா.

ஆமாம், முகம் முழுசாக இருக்கிறது. வெட்டுப்படவில்லை. அது ஒன்றும் இல்லை. போஸ்டரை நாலாகத்தான் வெட்ட வேண்டும். படம் ஒரு ஓரத்தில், நெடுக்கு வெட்டு அதில் படாது. குறுக்கே நடுவில் வெட்டினால் பத்து அங்குலம், பத்து அங்குலம் என்று சமமாக வரும். ஆனால் அந்த இடத்தில் கத்தி வைத்தால் படத்தில் சரியாகக் கழுத்தில் போகும், தாலிக் கயிறு தெரிகிற இடம். அதனால் ரெண்டு அங்குலம் தள்ளி வைத்தேன். மேல் துண்டு பன்னிரண்டு, கீழ்த் துண்டு எட்டு. ரெண்டு அளவுப் பை வந்தது அதனால்தான். பெரிசும் சின்னதுமாக நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தாள் அப்படி வந்தது.

படத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை என்றுதானே சொல்கிறேன். பார்க்காமல்தான் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு தாளிலும் ரெண்டு அங்குலம்.

தண்ணீர் வேண்டுமா? செம்பு அந்த அலமாரியில் இருக்கிறது.

அதுவா? அந்தக் கவர் வந்து ஆறு நாள் ஆகிறது. தபாலில் வந்தது. மேலே விலாசம் ரதி எழுதியது. கையால் எழுதியதை நான் படிப்பேன். உள்ளே இருப்பது அச்சடித்தது. தடவிப் பார்த்தாலே தெரிகிறது, கனமான ஆர்ட் அட்டை, குறுக்கே மடித்திருக்கிறார்கள், மடிப்பு வெடித்திருக்கும். பேத்திக்குக் காது குத்து என்று அக்கா சொன்னாள். அவளுக்கும் ஒன்று வந்திருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றுதான் சொன்னேனே. யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியதுதானே என்றால், "ஓம் பேரு இருக்கா இல்லயான்னு ஊர்க்காரங்கிட்டயால கேக்கச் சொல்லுத?" என்கிறாள்.

அதுதான் விஷயம். காது குத்துப் பத்திரிகையில் தாய்வழித் தாத்தா பாட்டி பெயர் போடுவார்கள். பெயர் இருந்தால் நான் போகலாம். இல்லாவிட்டால் போகக் கூடாது. கவரைத் திறக்காமல் இருந்தால் ரெண்டும் இல்லை, அலமாரியில் இருக்கும்.

கண்ணாடி போட்டிருக்கிறேனே என்கிறீர்களா? இது மடிப்புப் பார்க்கிற கண்ணாடி.

நீங்கள் படிப்பீர்களா, தங்கச்சி? வெளியூர் ஆள்தானே நீங்கள். திறங்கள். ஓரத்தைக் கிழிக்காதீர்கள், இந்தப் பட்டையை உள்ளே விட்டு நீவினால் ஒட்டு தானாக விடும். அப்படித்தான்.

தேதி கிடக்கட்டும். கீழே பாருங்கள். முதலில் அவர்கள் பக்கம் இருக்கும். இருக்கிறதா? மாப்பிள்ளையின் அப்பா பெயர், அதற்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருக்கிறதா? சரி. போட்டிருப்பார்கள். போடுகிறதுதான்.

அடுத்து.

என் பெயரா? தங்கப்பழம் என்றா இருக்கிறது? எழுத்துப் பிழை இல்லாமலா? சரி.

அப்புறம்?

ஒரே வரியிலா? தங்கப்பழம், சண்முகக்கனி என்று ஒரே வரியிலா?

அவள் பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது? நன்றாகப் பாருங்கள். சின்ன எழுத்தில் இருக்கும்.

ஒன்றுமே இல்லையா? மேல் வரியில் அவருக்கு இருக்கிறது, இவளுக்கு இல்லையா?

வரி கொண்டிருக்காது. ரெண்டும் நீளமான பெயர். கொஞ்சம் விரல் வைத்துப் பாருங்கள், தங்கச்சி. வரி முடிகிற இடத்தில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது?

நாலு விரலா? இந்தப் பக்கமும் நாலு விரலா?

கொடுங்கள் இப்படி. நானே படிக்கிறேன்.